மல்கோவாவின் வயிறு

பனிக்கரையில் மலர்க் கண்காட்சி தொடங்கிய அன்று காலை, ஏரியைச் சுற்றிச் சவாரி போகும் குதிரைகளில் ஒன்றான மல்கோவாவின் வயிறு கண்ணாடியாகியிருந்தது. சேணம் போடப் போன சபுராதான் முதலில் பார்த்தாள். முன்னங்கால்களுக்குப் பின்னாலிருந்து தொடை தொடங்கும் இடம்வரை, மாம்பழ மஞ்சளில் இருக்க வேண்டிய ரோமம் இல்லை, தோல் இல்லை, இருந்தது கண்ணாடி. அதன்மேல் பனி படிந்திருந்ததால் உள்ளே எதுவும் சரியாகத் தெரியவில்லை, ஆகவே அவள் முந்தானையை எடுத்து, பஸ் ஜன்னலைத் துடைக்கிறவர்கள் துடைப்பதுபோல வட்டமாகத் துடைத்து, துடைத்த வட்டத்தின் வழியாகப் பார்த்தாள்.

உள்ளே பால் கவர்கள் இருந்தன, நீலமும் ஆரஞ்சும் பச்சையுமாக. பிரியாணிப் பொட்டலத்தின் வெள்ளித்தாள் இருந்தது, பரோட்டா சுற்றிய பிளாஸ்டிக் தாள் பரோட்டாவோடு சேர்ந்து உருண்டிருந்தது, அழுகிய முட்டைக்கோஸ் இலைகளும், சிப்ஸ் உறைகளும், பூஞ்சை பிடித்த பன்னும், ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறையும், நாரோடு ஒரு மல்லிகைச் சரமும், மஞ்சள் நைலான் கயிறும் ஒன்றையொன்று பின்னி இறுகிக்கொண்டு, குதிரை மூச்சு விடும்போதெல்லாம் மெல்ல ஏறி மெல்ல இறங்கின. அத்தனைக்கும் நடுவே புல் என்று சொல்ல ஒரு கீற்றுகூட இல்லை.

சபுரா அலறவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, முதலில் தன்மேலேயே வந்தது. பகல் முழுக்கச் சவாரி, மாலையில் ஒரு கை கொள்ளு, ஒரு கை தவிடு, பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டால் குதிரை தனக்கு வேண்டியதைத் தானே தேடித் தின்றுகொள்ளும் என்பது அந்த ஊர்க் குதிரைக்காரர்கள் எல்லோரும் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்ட கதை. மார்க்கெட்டுக்குப் பின்னாலிருக்கும் குப்பைத் தொட்டியில் மல்கோவா தலையை விட்டுக்கொண்டு நிற்பதை அவளே பலமுறை பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டு முட்டைக்கோஸ் தின்கிறது என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். கீழ்நாட்டில் லாரி ஓட்டும் கணவன் பஷீருக்குப் போன் போட்டாள்.

"மல்கோவாவுக்கு வயிறு கண்ணாடியாயிருச்சுங்க."

பஷீர் கொஞ்சம் யோசித்தார். "முகம் பாக்குற கண்ணாடியா, ஜன்னல் கண்ணாடியா?"

"ஜன்னல் கண்ணாடி."

"அப்ப உள்ள இருக்கறது தெரியுமே."

"தெரியுது. அதத்தான் சொல்றேன்."

"என்ன தெரியுது?"

"ஊரு தெரியுது" என்று சொல்லிவிட்டு சபுரா போனை வைத்தாள்.

குதிரைக்காரர் சங்கத் தலைவர் கிளமெண்ட் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார். அவருடைய கறுப்புக் குதிரைதான் ஏரிக்கரையிலேயே உயரமானது, புதுமணத் தம்பதிகள் அதில் ஏறித்தான் படம் எடுத்துக்கொள்வார்கள். வந்தவர் மல்கோவாவை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, சீசன் நேரம். ஒரு போர்வையப் போட்டு மூடிருங்க" என்றார்.

"மூட மாட்டேன். ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போயி நடுவுல நிறுத்தப் போறேன். பாக்கட்டும். போட்டவங்கல்லாம் வந்து பாக்கட்டும். பாத்தாவது வெக்கம் வரட்டும்."

அப்படியே நிறுத்தினாள். ஊர் வந்து பார்த்தது. குதிரையின் வயிறு எப்படிக் கண்ணாடியாகும் என்று முதல் அரைமணி நேரம் பேச்சு நடந்தது. மலைக்காற்று என்றார் ஒருவர், தேயிலைக்கு அடிக்கும் மருந்து என்றார் ஒருவர், அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் எடுக்கவில்லை, ஏனென்றால் அதைவிடச் சுவாரசியமான கேள்வி ஒன்று கிடைத்துவிட்டது. உள்ளே இருப்பதில் எது யாருடையது? பேக்கரிக்காரர் தன் பன்னை அடையாளம் கண்டு, அது நல்ல பன்தான், வைத்திருந்தவர்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்றார். பிரியாணிக் கடைக்காரர் வெள்ளித்தாளின்மேல் தன் கடைப் பெயர் தெரிகிறதே என்று குதிரையை மறுபக்கமாகத் திருப்பி நிறுத்தச் சொன்னார், திருப்பி நிறுத்தினால் அந்தப் பக்கமும் அவர் கடைப் பெயர் தெரிந்தது. பிறகு ஒரு பள்ளிக்கூடப் பெண் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்து, "அய்யய்யோ, இதுல சேர்மன் மேடம் இருக்காங்க" என்று கத்தினாள். பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று போன மாதம் நகராட்சி ஊரெல்லாம் கட்டிய பிளாஸ்டிக் பேனர் ஒன்றின் கிழிசல் அது. குடலின் வளைவில் நகராட்சித் தலைவி வத்சலாவின் பாதி முகம், கும்பிட்ட ஒற்றைக் கையோடு, சிரித்துக்கொண்டிருந்தது.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. வெட்கம் வருமென்று காத்திருந்த சபுராவுக்கு அந்தச் சிரிப்பு செருப்படி மாதிரி இருந்தது.

அடுத்து நடந்தது அதைவிட மோசம். வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், காரில் வந்தார்கள், வேனில் வந்தார்கள், கண்ணாடி வயிற்றைப் பார்த்தவர்களுக்குப் பார்ப்பது மட்டும் போதவில்லை, ஒன்றைத் தின்னக் கொடுத்து அது போகும் வழியையும் பார்க்க வேண்டியிருந்தது. பஞ்சுமிட்டாய் கொடுத்தார்கள், அது கரைந்து காணாமல் போனதில் ஏமாந்தார்கள். கரையாததைக் கொடுத்தால்தான் நன்றாகத் தெரியும் என்று கண்டுபிடித்தார்கள். சாக்லேட்டை உறையோடு கொடுத்தார்கள், ஊதாத பலூனைக் கேக்குக்குள் வைத்துக் கொடுத்தார்கள், சபுரா ஒரு பக்கம் தட்டிவிட்டால் மறுபக்கம் கொடுத்தார்கள், பசியில் கிடந்த குதிரை எல்லோரிடமும் வாங்கித் தின்றது. கறுப்புக் கண்ணாடி போட்டவன் ஒருவன் சாவிக்கொத்து வளையத்தை வாழைப்பழத்துக்குள் செருகி நீட்டியபோது சபுரா அவன் கன்னத்தில் அறைந்தாள். அவன் மனைவி அதைப் படம் பிடித்தாள். அன்று மாலைக்குள் அந்த அறையை நாடு பார்த்துவிட்டது, குதிரைக்காரி திமிர் என்று அதற்குத் தலைப்பு வைத்தார்கள், மறுநாள் கூட்டம் இரண்டு மடங்காகியது.

"உங்க பிள்ளை வயித்துல போடுவீங்களாடா இத?" என்று அவள் கத்தினாள். "சொல்லு, போடுவியா? அது வாய் திறக்கறதாலயே அதுக்கு வேணும்னு அர்த்தமா?"

"எங்க பிள்ளைங்களும் இதத்தான் சாப்பிடுதுங்க" என்றார் கூட்டத்தில் ஒருவர், மிகுந்த சாந்தத்தோடு.

கால்நடை மருத்துவர் தேன்மொழி அந்த இரண்டாம் நாள் மதியம் வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குதிரையின் பக்கத்தில் மண்டியிட்டு, நெடுநேரம் கண்ணாடிக்குள் பார்த்தார். பிறகு எழுந்தபோது அவர் முகமும் சிவந்திருந்தது.

"சபுரா, குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. நாய்னா கக்கிரும். இதுக்கு வாய்க்குள்ள போனா போனதுதான், பின்பக்கமாத்தான் வரணும், வரலேன்னா உள்ளேயே கிடந்து கொல்லும். இரைப்பையப் பாரு, எவ்வளவு சின்னது. மொத்தமா ஒரே நேரத்துல கொட்டறதுக்கான வயிறு இல்ல இது. காலைல இருந்து இருட்டற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா மேயணும், நடந்துக்கிட்டே மேயணும், புல்லு, வெறும் புல்லு, பக்கத்துல தண்ணி. அவ்வளவுதான் இது கேக்குது. பன்னு வேணாம், பரோட்டா வேணாம், கொள்ளுகூட அளவாத்தான்."

"வயித்தக் கீறி எடுத்திரலாமா டாக்டரம்மா?"

"கீழ இருக்கற காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். அம்பது வளைவு இறங்கணும். இந்த நிலைமைல தாங்காது." தேன்மொழி கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு இருக்கு. இங்க வா. இந்தக் கவருங்களுக்குப் பின்னாடி பாரு."

சபுரா குனிந்து பார்த்தாள். வண்ண வண்ணக் கவர்களின் திரைக்குப் பின்னால், இளநீர் வழுக்கை மாதிரி ஒரு பைக்குள், நான்கு கால்களையும் மடக்கிக்கொண்டு ஒரு குட்டி கிடந்தது. அதன் குளம்புகள் இன்னும் இறுகவில்லை. குடலில் அடைத்திருந்த பிளாஸ்டிக் உருண்டை அதன் தலைப் பக்கம் அழுத்திக்கொண்டிருந்தது, குட்டி நகர இடமில்லாமல் காதை மட்டும் ஒருமுறை அசைத்தது. வயிறு உப்பியிருப்பது தீனியால் என்று நினைத்திருந்தவள் சபுரா. அவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள், கண்ணாடி சூடாக இருந்தது.

"புல்லு வேணும்" என்றார் தேன்மொழி. "இன்னைக்கே வேணும்."

பனிக்கரையில் புல்லுக்கு எங்கே போவது? மலை முழுக்கப் புல்லாக இருந்த ஊர் அது. ஒரு பக்கம் பைன் மரம் நட்டார்கள், அதற்குக் கீழே எதுவும் முளைப்பதில்லை. ஒரு பக்கம் விடுதி கட்டினார்கள், விடுதிகளின் முற்றத்துப் புல்லுக்கு மருந்து அடித்தார்கள், அதைத் தின்றால் பூச்சியே சாகும். ஏரிக்கரையில் மிச்சமிருந்ததைப் பெயர்த்துவிட்டு, நடக்க வசதியாகச் சிமெண்டுக் கல் பதித்தார்கள். மிஞ்சியது ஊருக்கு மேலே இருந்த புல்மேடு ஒன்றுதான். அதற்கு நகராட்சி வேலி போட்டு, இரும்புக் கதவு வைத்து, காவலுக்கு ஆள் போட்டு, டிக்கெட் வைத்து, புல்லின் மேல் நடக்காதீர்கள் என்று பலகை மாட்டியிருந்தது. புல்லைப் பார்க்கலாம், புல்லின் முன்னால் நின்று படம் எடுக்கலாம், புல் தின்கிற எதுவும் உள்ளே போகக் கூடாது.

சபுரா நகராட்சித் தலைவி வத்சலாவைப் போய்ப் பார்த்தாள். தலைவி எழுந்து நின்று வரவேற்று, நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்தார்.

"அம்மா, நானும் பாத்தேன், ரொம்ப வருத்தமா இருந்துச்சு. ராத்திரி தூக்கமே இல்ல."

"வருத்தம் வேணாங்க மேடம். புல்மேட்டத் திறந்து விடுங்க. குட்டி போடற வரைக்கும் மேயட்டும்."

"அது பாதுகாக்கப்பட்ட இடமாச்சே. குதிரைய விட்டா புல்லு என்ன ஆகும்?"

"தின்னுரும்."

"அதான் சொல்றேன்" என்றார் தலைவி, தன் பக்கத்து நியாயம் நிரூபணமாகிவிட்ட திருப்தியோடு. "ஆனா உங்கள வெறுங்கையோட அனுப்ப மாட்டேன்." உதவியாளர் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். அதில் பச்சை நிறக் கம்பளிப் போர்வை இருந்தது, ஓரத்தில் நகராட்சி முத்திரை தைத்திருந்தது. இனிமேல் பனிக்கரையில் எல்லாக் குதிரைகளும் வயிற்றைச் சுற்றிப் போர்வை கட்டியிருக்க வேண்டும், கட்டாத குதிரைக்குச் சவாரி அனுமதி கிடையாது என்று அன்றைக்கே உத்தரவு போட்டிருந்தார்கள். சபுரா தேநீரைத் தொடவில்லை. போர்வையைத் தலைவியின் மேஜைமேல் விரித்து, பூக்குவளையும் தேநீரும் தொலைபேசியும் எல்லாம் மூடும்படி இழுத்துவிட்டு, வெளியே வந்தாள்.

மற்றக் குதிரைக்காரர்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்கள். பச்சைப் போர்வை கட்டிய குதிரைகள் ஏரியைச் சுற்றி வந்தன, பார்க்க அழகாக இருப்பதாக வெளியூர்க்காரர்கள் சொன்னார்கள். போர்வை ஒரு வினாடி விலகினாலும் கிளமெண்ட் பதறி இழுத்துவிடுவதையும், குதிரைக்காரர்கள் ஒருவர் குதிரையை ஒருவர் நிமிர்ந்து பார்ப்பதைத் தவிர்ப்பதையும் யாரும் கவனிக்கவில்லை.

சபுரா தெருத்தெருவாகப் போய், சுவரோரம், சாக்கடையோரம், கல்லறைத் தோட்டத்து மூலை என்று கையால் புல் பிடுங்கி வந்தாள். மல்கோவா அதை மென்றது, கவர்களுக்கு மேலே மெல்லிய பச்சைக் கோடாக அது தங்கியது. ஞாயிற்றுக்கிழமை, கண்காட்சியின் கடைசி நாள், உச்சிவெயிலில் குதிரைக்கு வயிற்றுவலி கண்டது. மல்கோவா தன் வயிற்றைத் தானே திரும்பிப் பார்த்தது, முன்னங்காலால் சிமெண்டுக் கல்லைப் பிறாண்டியது, பிறகு விழுந்து புரண்டது. கண்ணாடிக்குள் குடல் பாம்பு மாதிரி எழும்பி முறுக்கிக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்தது. கூட்டம் ஆஹா என்றது. ஆமாம், ஆஹா என்றது, கைபேசிகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆஹா என்றது.

சபுராவுக்குள் இருந்த ஏதோ ஒன்று அந்த ஆஹாவில் அறுந்தது. அவள் கயிற்றைப் பிடித்து, "எந்திரி. எந்திரிடி என் ராசாத்தி, இவனுங்க முன்னாடி படுக்காத" என்று இழுத்து, தோளைக் கொடுத்து முட்டி, குதிரையை எழுப்பி நிறுத்தினாள். பிறகு நடக்கத் தொடங்கினாள், கூட்டத்தின் நடுவாக, ரோஜாவால் செய்த மயிலையும் கார்னேஷன் பூக்களால் செய்த ரயிலையும் தாண்டி, மேட்டுச் சாலையில் ஏறினாள். காற்று மேலிருந்து புல் வாசத்தைக் கொண்டுவந்தது. அந்த வாசம் பட்டதும் மல்கோவா காதை நிமிர்த்தியது, பின்னால் ஏரிக்கரையில் நின்ற குதிரைகள் எல்லாமே காதை நிமிர்த்தின, முதுகில் இருந்தவர்கள் இறங்கவும் நேரம் கொடுக்காமல், கயிற்றை இழுத்த குதிரைக்காரர்களையும் இழுத்துக்கொண்டு, பச்சைப் போர்வைகளோடு மேட்டில் ஏறின. கிளமெண்ட் தன் கறுப்புக் குதிரையின் கடிவாளத்தில் தொங்கிக்கொண்டு, "அக்கா, நில்லுங்கக்கா, லைசன்ஸ் போயிரும், எல்லாருக்கும் போயிரும்" என்று கத்திக்கொண்டே வந்தார்.

புல்மேட்டுக் கதவில் காவலாளி துரைராசு கையைக் குறுக்கே நீட்டினார். "குதிரைக்கெல்லாம் டிக்கெட் கிடையாதும்மா."

சபுரா திரும்பி நின்று கிளமெண்டைப் பார்த்தாள். "போர்வையத் தூக்கு."

"என்னக்கா?"

"போர்வையத் தூக்கு கிளமெண்ட்டு. நீ ஏன் நாலு நாளா இழுத்து இழுத்து மூடுறேன்னு எனக்குத் தெரியாதா?"

கிளமெண்ட் அசையவில்லை. கறுப்புக் குதிரை கம்பி வேலியில் தன் விலாவைத் தேய்த்தது, முடிச்சு அவிழ்ந்து போர்வை நழுவி விழுந்தது. அதன் வயிறும் கண்ணாடி. உள்ளே புதுமணத் தம்பதிகள் ஊட்டிய கேக்குகளின் தங்க நிற அட்டைகளும், மாலைச் சரிகையும், பால் கவர்களும் தொண்டைவரை அடைத்திருந்தன. பிறகு பின்னால் நின்ற ஒருவர் தன் குதிரையின் போர்வையை அவிழ்த்தார், அடுத்தவர் அவிழ்த்தார், வரிசையாக எல்லோரும் அவிழ்த்தார்கள், மேட்டுச் சாலை முழுக்க வெயிலில் கண்ணாடி வயிறுகள் மின்னின, ஒன்றிலும் புல் இல்லை.

கிளமெண்ட் தன் குதிரையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஊரே கேட்கும்படி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், அது யாருக்கென்று அவருக்கே தெரிந்திருக்காது, போய் இரும்புக் கதவின் அடியில் கையைக் கொடுத்தார். மற்றவர்களும் கொடுத்தார்கள். கடைசியில் துரைராசு டிக்கெட் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, "கீல் இந்தப் பக்கம், இப்படித் தூக்குங்க" என்றார். கதவு கழன்று சரிவில் உருண்டு, வழியிலிருந்த பலகையையும் சாய்த்துக்கொண்டு போனது.

குதிரைகள் மேய்ந்தன. ஒரு சத்தம் எழுந்தது, பல வாய்கள் ஒரே நேரத்தில் புல்லை அறுக்கும் சத்தம், அதைக் கேட்டவர்கள் அதற்கு முன் அதைக் கேட்டதே இல்லையென்று பிறகு சொன்னார்கள். வெளிச்சம் இருக்கும்வரை அவை நடந்து நடந்து மேய்ந்தன, ஓடைத் தண்ணீர் குடித்தன, கண்ணாடி வயிறுகளுக்குள் பச்சை மெல்ல இறங்கியது. போலீஸ் வந்தது, வத்சலா வந்தார், அத்துமீறல் என்றும் வழக்கு என்றும் சொன்னார்கள். குதிரைக்காரர்கள் கதவு இருந்த இடத்தில் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்து, ஏரிக்கரையில் இனி ஒரு குதிரையும் ஒருவரையும் சுமக்காது என்றார்கள். அடுப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பெண்களும் அங்கேயே வந்துவிட்டார்கள். வாரங்கள் போயின. சாணத்தோடு கவர்கள் வரத் தொடங்கின, அதை வாளியில் அள்ளிக் கழுவி, கடைப் பெயர் பார்த்து, அந்தந்தக் கடை வாசலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பிரியாணிக் கடைக்காரர் சண்டைக்கு வந்தார், கிளமெண்ட் அவர் கல்லாமேலேயே கொட்டினார். உள்ளே சுத்தமான குதிரைகளுக்கு மெல்லத் தோல் மூடி ரோமம் முளைத்தது.

மல்கோவாவுக்கு மூடவில்லை. அந்த உருண்டை அசையவே இல்லை. மழை தொடங்குவதற்கு முந்தைய ஒரு காலையில், சபுராவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அது குட்டியை ஈன்றது. தேன்மொழி முழங்கைவரை ரத்தத்தோடு குட்டியை இழுத்து வெளியே எடுத்தார். குட்டி விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்து மறுபடி எழுந்தது. மல்கோவா அதை ஒரே ஒருமுறை நக்கியது. பிறகு கண்ணாடிக்குள் எல்லா அசைவும் நின்றது.

"காப்பாத்திருக்கலாம்" என்றார் தேன்மொழி. "போன வருஷமே இந்தக் கதவு திறந்திருந்தா காப்பாத்திருக்கலாம்."

புல்மேட்டின் விளிம்பிலேயே புதைத்தார்கள். அந்த வருஷ மழை மண்ணை அரித்தது, தோலும் சதையும் மண்ணுக்குப் போயின, கண்ணாடி போகவில்லை. உள்ளே இருந்தவையும் போகவில்லை. நகராட்சி ஆட்கள் சம்மட்டியால் அடித்துப் பார்த்தார்கள், சம்மட்டிதான் உடைந்தது. பெயர்த்துத் தூக்கப் பார்த்தார்கள், வந்த கிரேனின் சங்கிலி அறுந்தது. கடைசியில் வத்சலா அதைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, விளக்கு வைத்து, டிக்கெட் வைக்கலாம் என்று யோசனை சொன்னார். அதைப் பேசக் கூடிய நகராட்சிக் கூட்டத்துக்கு சபுராவும் குதிரைக்காரர்களும் போனார்கள், மறுநாள் அந்த யோசனையைப் பற்றி யாரும் பேசவில்லை, கூட்ட அறையின் நாற்காலிகளை மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது.

குட்டி பசும்பாலிலும் இன்னொரு பெட்டைக் குதிரையின் பாலிலும் வளர்ந்து, இப்போது புல் தின்கிறது. சபுரா அதற்குச் சேணம் போடவில்லை. அதற்கு ரோமம் அடர்ந்த சாதாரண வயிறு, வெளியிலிருந்து எதுவும் தெரியாது. அதனால் அவள் தினமும் அதன் விலாவில் காதை வைத்துக் கேட்கிறாள். தூரத்தில் தண்ணீர் உருளுவது மாதிரி ஒரு சத்தம் கேட்கும், அது நின்றுவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று தேன்மொழி சொல்லியிருக்கிறார். அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது கதவில்லாத வாசலில் வெளியூர்க்காரர்கள் வந்து நிற்பார்கள், ஒரு குழந்தையை முன்னால் தள்ளி, அதன் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, கொடு செல்லம், குதிரைக்குக் கொடு என்பார்கள். சபுரா காதை எடுக்க மாட்டாள், கண்ணை மட்டும் அந்தப் பெரியவர்கள் மேல் நிறுத்துவாள்.

"பிள்ளை கையில இருக்கறத வாங்கிப் பையில போடு" என்பாள். "போட்டுட்டு, சத்தம் போடாம நில்லு. அது சாப்பிட்டுக்கிட்டிருக்கு."